ஹாஷ் வகையைப் பயனர் தேர்ந்தெடுக்கட்டும்: பைத்தான் ஸ்கிரிப்ட் எழுத முழுமையான வழிகாட்டி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் திருநெல்வேலிக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன் பக்கம் ஏறியபோது, எனக்குப் பழக்கமான அண்ணாச்சி ஒருவரின் கல்யாண போட்டோ ஸ்டூடியோவுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. ஹார்ட் டிஸ்க்குகளை எப்படியோ மாடிக்குத் தூக்கிவிட்டார். ஆனால் அவசரத்தில் இதிலிருந்து அதற்கு, அதிலிருந்து இதற்கு என்று காப்பி போட்டதில் சில வீடியோக்கள் பாதியிலேயே நின்றன. எது முழுசு, எது அரைகுறை என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை.

நல்லவேளை, அவரிடம் பழைய ஹாஷ் பட்டியல்கள், அதாவது ஒவ்வொரு ஃபைலுக்கும் கைரேகை மாதிரி ஒரு மதிப்பை எழுதி வைத்த பட்டியல்கள், இருந்தன. சிக்கல் என்னவென்றால் ஒவ்வொன்றும் ஒரு வகை. முன்பு வேலை பார்த்த பையன் எழுதி வைத்தது எம்டி5. ஆல்பம் அச்சடிக்கும் இடத்திலிருந்து வந்தது எஸ்எச்ஏ-256. நடுவில் ஒரு வருஷத்துக்கு மட்டும் எஸ்எச்ஏ-1. "தம்பி, நான் எந்த லிஸ்ட்டக் காட்டுதேனோ அதுக்குத் தக்கன சரிபாத்துச் சொல்லுத மாதிரி ஒண்ணு எழுதித் தாங்களேன்" என்றார். அப்படி எழுதியதுதான் இந்த ஸ்கிரிப்ட். உங்களுக்கும் இதே தேவை வரும் என்பதால் படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒரு விஷயம். கட்டளைகளின் பெயரை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில், பெரும்பாலும் சின்ன எழுத்துகளில் தட்டுங்கள். மாறிகளுக்கு நான் வைத்திருக்கும் தமிழ்ப் பெயர்களை அப்படியே தமிழில் தட்டலாம். பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும்.

முதலில், ஹாஷ் எதற்கு?

ஃபைலின் அளவைப் பார்த்தால் போதாதா என்று அண்ணாச்சி கேட்டார். அளவு பார்ப்பது மூட்டையை எடை போடுவது மாதிரி. நெல்லோடு பதர் கலந்திருந்தாலும் எடை சரியாக வந்துவிடலாம். ஹாஷ் ஃபங்ஷன் ஒவ்வொரு பைட்டையும் கணக்கில் எடுத்து, எவ்வளவு பெரிய ஃபைலாக இருந்தாலும் ஒரே நீளத்தில் ஒரு மதிப்பைத் தரும். நாற்பது ஜிபி வீடியோவில் ஒரே ஒரு பிட் மாறினாலும் மதிப்பு அடியோடு மாறிவிடும்.

பைத்தானில் இதற்கு ஹாஷ்லிப் என்ற மாட்யூல் கூடவே வருகிறது; தனியாக எதையும் நிறுவ வேண்டாம். ஹாஷ் என்ற பெயரிலேயே பைத்தானில் இன்னொரு ஃபங்ஷனும் இருக்கிறது. அதை இந்த வேலைக்குத் தொடவே தொடாதீர்கள். 3.3 பதிப்பிலிருந்து அது எழுத்துச் சரங்களுக்கு ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வேறு எண்ணைத் தரும். இன்று எழுதி வைத்த எண் நாளைக்குப் பொருந்தாது.

படி 1: எதையெல்லாம் கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள்

பயனர் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் நீங்கள் வைத்த தட்டிலிருந்துதான். இந்த ஸ்கிரிப்டில் நான் விட்டுக்கொடுக்காத இடம் இது ஒன்றுதான்.

ஹாஷ்லிப்பில் அல்காரிதம்ஸ்_கேரண்டீட், அல்காரிதம்ஸ்_அவைலபிள் என்று இரண்டு பட்டியல்கள் உண்டு. முதலாவதில் இருப்பவை எல்லா இயங்குதளத்திலும் கிடைக்க வேண்டியவை. இரண்டாவது, உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரல் தொகுப்பைப் பொறுத்து மாறும். பாளையங்கோட்டையில் என் லேப்டாப்பில் இருப்பது ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் இல்லாமல் போகலாம். அதனால் இரண்டாவதை மெனுவாகக் காட்டாதீர்கள். முதலாவதையும் முழுசாகக் காட்ட வேண்டியதில்லை. அதில் ஷேக்_128, ஷேக்_256 என்று இரண்டு இருக்கின்றன. அவற்றின் விடைக்கு நிலையான நீளம் கிடையாது. விடையை எழுத்து வடிவில் தரும் ஹெக்ஸ்டைஜெஸ்டைக் கேட்கும்போது எத்தனை பைட் வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் பிழை காட்டி நிற்கும்.

நான் ஆறு வகையோடு நிறுத்திக்கொண்டேன், அதையும் இரண்டு கூறாகப் பிரித்தேன்.

பழையவை: எம்டி5, எஸ்எச்ஏ-1. எம்டி5 ரான் ரிவெஸ்ட் உருவாக்கியது, 1992இல் வெளியானது. இரண்டு வேறு தரவுகளுக்கு ஒரே எம்டி5 மதிப்பு வரும்படி செய்ய முடியும் என்று 2004இல் சியாவோயுன் வாங் குழுவினர் காட்டிவிட்டார்கள். எஸ்எச்ஏ-1க்கும் அதே கதி 2017இல் வந்தது: கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, ஒரே எஸ்எச்ஏ-1 மதிப்பு உள்ள இரண்டு வேறு பிடிஎஃப் ஃபைல்களை வெளியிட்டார்கள்.

புதியவை: எஸ்எச்ஏ-256, எஸ்எச்ஏ-512, எஸ்எச்ஏ3-256, பிளேக்2பி. முதல் இரண்டும் 2001இல் வந்த எஸ்எச்ஏ-2 குடும்பம். எஸ்எச்ஏ-3, 2012இல் போட்டியில் வென்ற கெச்சாக் என்ற வடிவமைப்பிலிருந்து வந்து 2015இல் தரநிலையானது. கடைசி இரண்டும் பைத்தான் 3.6 முதல் ஹாஷ்லிப்பிலேயே இருக்கின்றன.

பிறகு ஏன் எம்டி5ஐ வைத்திருக்கிறேன்? அண்ணாச்சியின் பழைய பட்டியல் அதில்தானே இருக்கிறது! வெள்ளத்தில் நனைந்த டிஸ்க் திட்டம் போட்டு எம்டி5ஐ ஏமாற்றப் போவதில்லை. காப்பி பாதியில் அறுந்ததா என்று கண்டுபிடிக்க அது இன்றும் போதும். ஆனால் யாராவது வேண்டுமென்றே ஃபைலை மாற்றி வைத்திருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும் இடத்தில் அதை நம்பக் கூடாது. ஆகவே பழையவை சரிபார்க்க மட்டும். புதிதாகப் பட்டியல் எழுதும்போது அவற்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. இந்த ஒரு தடையை ஸ்கிரிப்டிலேயே போட்டுவிட்டால் அடுத்த பத்து வருஷத்துக்கு யாரும் எம்டி5 பட்டியலைப் புதிதாக உருவாக்க மாட்டார்கள்.

சில அலுவலகங்களில் பாதுகாப்புக்காக எம்டி5 முடக்கப்பட்ட பைத்தான் இருக்கும். 3.9 முதல் யூஸ்டுஃபார்செக்யூரிட்டி என்ற அளவுருவுக்கு ஃபால்ஸ் கொடுத்து, இது பாதுகாப்பு வேலைக்கு அல்ல என்று சொல்லிக் கேட்கலாம்.

படி 2: தட்டிய சொல்லை நேராகக் கட்டளையாக்காதீர்கள்

பயனர் தட்டிய சொல்லிலிருந்து ஃபங்ஷனுக்குப் போக நான்கு வழி உண்டு. மூன்றை நான் ஒதுக்கிவிட்டேன்.

இவால் கொண்டு ஓட்டுவது படுமோசம். பயனர் எதைத் தட்டினாலும் அது நிரலாக ஓடும். ஃபைல்களை அழிக்கும் வரியைத் தட்டினால் அதுவும் ஓடும். யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். கிளிப்போர்டில் இருந்த ஏதோ ஒன்று தவறிப்போய் ஒட்டப்பட்டாலும் போச்சு.

கெட்அட்டர் கொண்டு ஹாஷ்லிப்புக்குள் அந்தப் பெயரைத் தேடுவது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஹாஷ்லிப்புக்குள் ஹாஷ் ஃபங்ஷன்கள் மட்டுமா இருக்கின்றன? ‘நியூ’ என்று தட்டினால் அதுவும் கிடைக்கும், அல்காரிதம்ஸ்_கேரண்டீட் என்று தட்டினால் ஒரு செட் கிடைக்கும். அதைக் கூப்பிடும்போது, தட்டியவருக்கு ஒன்றும் புரியாத பிழை ஒன்று வரும்.

மூன்றாவது, ஹாஷ்லிப்.நியூ. இதில் ஆபத்து இல்லை. பெயர் தெரியாவிட்டால் வேல்யூஎர்ரர் தரும், அவ்வளவுதான். ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இருக்கும் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும்; ஷேக் வகைகளும் உள்ளே வந்துவிடும். நாம் பிரித்த பழையவை, புதியவை என்ற கோடும் அழிந்துவிடும்.

நான்காவது வழி சாதாரண டிக்ஷனரி. ‘புதியவை’ என்று ஒன்று, ‘பழையவை’ என்று ஒன்று. சாவி, வகையின் பெயர். மதிப்பு, ஹாஷ்லிப்பின் அந்த ஃபங்ஷன். சரிபார்க்கும்போது இரண்டையும் சேர்த்து ஒரே டிக்ஷனரியாக்கிக்கொள்ளுங்கள். அதில் இல்லாத சொல் எதுவும் உள்ளே நுழைய வழியே இல்லை.

இந்த இடத்தில் நான் அடிபட்டிருக்கிறேன், கவனமாகப் படியுங்கள். டிக்ஷனரியில் ஃபங்ஷனின் பெயரை மட்டும் எழுத வேண்டும். பின்னால் அடைப்புக்குறி கூடாது. நான் பழக்க தோஷத்தில் அடைப்புக்குறியோடு எழுதிவிட்டேன். அப்படி எழுதினால் ஸ்கிரிப்ட் தொடங்கும்போதே ஒரு ஹாஷ் பொருள் உருவாகி, அதே பொருள்தான் எல்லா ஃபைலுக்கும் பயன்படும். முதல் ஃபைலுக்குச் சரியான விடை வந்தது. இரண்டாவது ஃபைலின் பைட்டுகள் முதல் ஃபைலோடு ஒட்டிக்கொண்டன. மூன்றாவதுக்கு மூன்றும் சேர்ந்தன. ஒரே ஒரு ஃபைலை வைத்துச் சோதித்ததால் எனக்குத் தெரியவில்லை. ஸ்டூடியோவில் ஓட்டியபோது முதல் ஃபைல் தவிர எல்லாமே கெட்டுப்போனதாகக் காட்டியது. அண்ணாச்சியின் முகம் வாடியதை இப்போது நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது. இரண்டு அடைப்புக்குறியை எடுத்ததும் சரியாகிவிட்டது. டிக்ஷனரியிலிருந்து ஃபங்ஷனை எடுத்த பிறகு, ஒவ்வொரு ஃபைலுக்கும் புதிதாக அடைப்புக்குறி போட்டுக் கூப்பிடுங்கள்.

படி 3: தட்டியதைச் சுத்தம் செய்யுங்கள்

ஒருவர் எஸ்எச்ஏ-256 என்று நடுவில் கோடு போடுவார். இன்னொருவர் இடைவெளி விடுவார். எல்லாமே பெரிய எழுத்தில் தட்டுபவரும் உண்டு. மூவரும் சொல்வது ஒன்றுதான்.

‘சுத்தம்’ என்று ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதுங்கள். ஸ்ட்ரிப் கொண்டு இரு பக்க இடைவெளியை நீக்கி, லோயர் கொண்டு சின்ன எழுத்தாக்கி, ரீப்ளேஸ் கொண்டு கோடு, அடிக்கோடு, நடு இடைவெளி மூன்றையும் எடுத்துவிட வேண்டும். டிக்ஷனரியின் சாவிகளையும் இதே வடிவில், ஒட்டிய எழுத்தாக வையுங்கள். எஸ்எச்ஏ3-256 என்பதன் சாவி எஸ்எச்ஏ3256 ஆகிவிடும். கண்ணுக்கு உறுத்தினாலும் பரவாயில்லை, திரையில் காட்ட வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம்.

அண்ணாச்சிக்குப் பெயர் தட்டப் பிடிக்கவில்லை. "நம்பர் போட்டு வச்சிருங்க தம்பி, ஒண்ணு ரெண்டுன்னு அமுக்கிக்கிடுதேன்" என்றார். எண் மெனுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. வகைகளை லிஸ்டில் வைத்து, தட்டிய எண்ணிலிருந்து 1 கழித்து எடுப்பதுதான் பலரும் செய்வது. 0 தட்டினால் -1 ஆகும். பைத்தானில் -1 என்றால் கடைசி உறுப்பு! பிழை வராது, சத்தமில்லாமல் கடைசி வகை தேர்வாகிவிடும். அதனால் எண்ணையும் டிக்ஷனரிச் சாவியாக வையுங்கள். இல்லையென்றால் எண் 1க்கும் மெனுவின் நீளத்துக்கும் இடையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே எடுங்கள்.

நமக்குச் சந்தோஷமான செய்தி ஒன்று: இன்ட் ஃபங்ஷன் தமிழ் எண்களையும் படிக்கும். ௩ என்று தட்டினால் 3 என்றே எடுத்துக்கொள்ளும். ஆனால் ௰, ௱ போன்றவற்றை ஏற்காது. எண்தானா என்று முன்கூட்டிப் பார்க்க இஸ்டெசிமல் பயன்படுத்துங்கள். இஸ்டிஜிட் வேண்டாம், அது மேலே ஏறிய சின்ன ² குறியையும் எண் என்று விட்டுவிடும், பின்னால் இன்ட் அதில் தடுக்கி விழும்.

படி 4: தப்பாகத் தட்டினால் என்ன செய்வது

பயனர் தட்டியது டிக்ஷனரியில் இல்லையென்றால், என்னென்ன இருக்கின்றன என்று காட்டிவிட்டுத் திரும்பக் கேளுங்கள். மூன்று வாய்ப்பு போதும். ஒன்றும் தட்டாமல் என்டர் அமுக்கினால் எஸ்எச்ஏ-256 என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் புதிதாக எழுதும்போது மட்டும். சரிபார்க்கும்போது நீங்களாக ஒன்றை வைத்துக்கொண்டால், எம்டி5 பட்டியலோடு எஸ்எச்ஏ-256ஐ ஒப்பிட்டு எல்லாமே கெட்டது என்று சொல்லிவிடும்.

புதிதாக எழுதும்போது யாராவது எம்டி5 என்று தட்டினால், ‘தெரியாத வகை’ என்று சொல்லாதீர்கள். அது பொய். ‘இது சரிபார்க்க மட்டும், புதிய பட்டியலுக்கு எஸ்எச்ஏ-256 எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று காரணத்தோடு சொல்லுங்கள்.

கமாண்ட் லைனிலிருந்தே கொடுப்பதானால் ஆர்க்பார்ஸ் மாட்யூல் போதும். சாய்சஸ் என்ற இடத்தில் டிக்ஷனரியின் சாவிகளையும், டைப் என்ற இடத்தில் நம் ‘சுத்தம்’ ஃபங்ஷனையும் கொடுங்கள். ஆர்க்பார்ஸ் முதலில் டைப்பை ஓட்டிவிட்டுத்தான் சாய்சஸில் தேடும். அதனால் கோடு போட்டுத் தட்டியவரும் தப்பித்துவிடுவார்.

படி 5: பைட்டாகப் படியுங்கள்

ஃபைலை ரீட் பைனரி முறையில், அதாவது ‘ஆர்பி’ என்று திறக்க வேண்டும். வெறும் எழுத்து முறையில் திறந்தால், ஹாஷ்லிப் ‘முதலில் என்கோட் செய்யுங்கள்’ என்று டைப்எர்ரர் காட்டும். அதைச் சமாளிக்க என்கோட் செய்து ஓட்டினால் வரி முடிவுக் குறிகள் வழியில் மாறிப்போய் வேறு மதிப்பு வரலாம்.

முழு ஃபைலையும் ஒரே மூச்சில் படிக்காதீர்கள். நாற்பது ஜிபி வீடியோவை எட்டு ஜிபி ராம் தாங்காது. 65536 பைட்டாகப் படித்து, ஒவ்வொரு துண்டையும் அப்டேட்டுக்குக் கொடுத்து, வெற்றுத் துண்டு வந்ததும் லூப்பை நிறுத்தி, கடைசியில் ஹெக்ஸ்டைஜெஸ்ட் கேளுங்கள். பைத்தான் 3.11 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் ஹாஷ்லிப்.ஃபைல்_டைஜெஸ்ட் இந்த லூப் முழுவதையும் தானே பார்த்துக்கொள்ளும். திறந்த ஃபைலையும் தேர்ந்தெடுத்த ஃபங்ஷனையும் கொடுத்தால் போதும்.

எது வேகம் என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். யூஎஸ்பியில் செருகிய பழைய ஹார்ட் டிஸ்க் பைட்டுகளை எடுத்துத் தருவதற்குள் எந்த ஹாஷும் வேலையை முடித்துவிட்டுக் காத்திருக்கும்.

படி 6: ஃபைல் பெயர் தமிழில் இருந்தால்

ஸ்டூடியோவில் ‘பொன்னுருக்கு’ என்ற பெயரில் ஒரு ஃபைல். டிஸ்க்கில் கண்ணெதிரே இருக்கிறது, பட்டியலிலும் இருக்கிறது, ஸ்கிரிப்ட் மட்டும் ‘இல்லை’ என்றது.

‘பொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ‘ப’வோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று, ‘ப’, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்றாக எழுதுவது இன்னொன்று. யூடிஎஃப்-8இல் முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். திரையில் இம்மி வித்தியாசம் தெரியாது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறை பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். அப்படிப்பட்ட டிஸ்க்கிலிருந்து வந்த பட்டியலை விண்டோஸில் உள்ள பெயரோடு ஒப்பிட்டால் பொருந்தாது.

யூனிகோட்டேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸ் ஃபங்ஷனுக்கு ‘என்எஃப்சி’ என்று கொடுத்து, இரண்டு பெயரையும் சேர்ந்த வடிவுக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிடுங்கள். ‘ௌ’ குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ‘ள’ எழுத்தும் தட்டியிருந்தால் மட்டும் இது உதவாது. அது வேறு எழுத்து. கையால்தான் திருத்த வேண்டும். இந்த மாற்றம் பெயருக்கு மட்டும்தான். ஃபைலுக்குள் இருக்கும் பைட்டுகளில் கை வைக்காதீர்கள்.

படி 7: விடையோடு வகையின் பெயரையும் எழுதுங்கள்

வெறும் மதிப்பை மட்டும் எழுதி வைத்தால் பின்னால் வருபவர் திண்டாடுவார். நீளத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம்: 32 எழுத்து என்றால் எம்டி5, 40 என்றால் எஸ்எச்ஏ-1. 64 எழுத்து எஸ்எச்ஏ-256ஆகவும் இருக்கலாம், எஸ்எச்ஏ3-256ஆகவும் இருக்கலாம். 128 என்றால் எஸ்எச்ஏ-512, பிளேக்2பி இரண்டுமே அந்த நீளம்தான். அதனால் நீளத்தைப் பார்த்து ‘இதுவாக இருக்கலாம்’ என்று பயனருக்கு எடுத்துக்கொடுக்கலாம். முடிவு செய்யக் கூடாது. ஒவ்வொரு வரியிலும் வகையின் பெயர், மதிப்பு, ஃபைல் பெயர் என்ற வரிசையில் எழுதுங்கள்.

ஒப்பிடும்போது இரு பக்கமும் சின்ன எழுத்தாக்குங்கள். பவர்ஷெல்லின் கெட்-ஃபைல்ஹாஷ் பெரிய எழுத்தில் தரும், லினக்ஸின் எஸ்எச்ஏ256சம் சின்ன எழுத்தில் தரும். பொருந்தாவிட்டால் ‘தவறு’ என்று மட்டும் காட்டாமல், எதிர்பார்த்த மதிப்பு, கிடைத்த மதிப்பு இரண்டையும் அச்சிடுங்கள். ஏன் என்று கீழே தெரியும்.

கடவுச்சொல்லைச் சேமிக்க இந்த ஸ்கிரிப்டை யாரும் எடுத்துவிடக் கூடாது. இவை வேகமான ஹாஷ்கள். கடவுச்சொல்லுக்கு வேண்டியது வேண்டுமென்றே மெதுவாக ஓடும் எஸ்-கிரிப்ட், ஆர்கான்2 போன்ற ஹாஷ்கள். ஒலி ஒன்றுபோல இருந்தாலும் நாம் எழுதும் ஸ்கிரிப்டுக்கும் எஸ்-கிரிப்டுக்கும் சம்பந்தம் இல்லை. எஸ்-கிரிப்ட், ஹாஷ்லிப்பிலேயே தனி ஃபங்ஷனாக இருக்கிறது.

படி 8: சோதித்துவிட்டு ஓட்டுங்கள்

மூன்று சின்ன ஃபைல்களை வரிசையாகக் கொடுத்துச் சோதியுங்கள். ஒன்று போதாது என்பதை மேலே சொல்லிவிட்டேன். ஆங்கிலத்தின் முதல் மூன்று எழுத்துகளைச் சின்ன எழுத்தில், வரி முடிவு இல்லாமல் எழுதிய ஃபைலின் எம்டி5 மதிப்பு 900150983 என்று தொடங்க வேண்டும். அதையே நடுவிலும் கடைசியிலும் வைத்துப் பாருங்கள். எங்கே வைத்தாலும் அதே மதிப்பு வர வேண்டும்.

வெற்று ஃபைலுக்கு உள்ள மதிப்பையும் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். எம்டி5இல் அது டி41டி8சிடி9 என்று தொடங்கும், எஸ்எச்ஏ-256இல் ஈ3பி0சி442 என்று தொடங்கும்.

அண்ணாச்சியின் கடையில் எம்டி5 பட்டியலை ஓட்டியபோது, மேலப்பாளையத்துக் கல்யாணம் ஒன்றின் ஃபோல்டரில் வரிசையாக ‘பொருந்தவில்லை’ என்று வந்தது. கிடைத்த மதிப்பைப் பார்த்தேன். எல்லா வரியிலும் டி41டி8சிடி9. பெயர் இருக்கிறது, உள்ளே ஒரு பைட்கூட இல்லை. காப்பி தொடங்கும்போதே அறுந்திருக்கிறது. "கார்டு இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டேன். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். அந்தக் கல்யாணத்துக் கேமரா கார்டு இன்னும் அழிக்கப்படாமல் இருந்தது. மறுபடி காப்பி போட்டு, மெனுவில் எம்டி5க்கான 1ஐ மறுபடி அமுக்கினார். வரி வரியாக ‘சரி’ என்று வந்து முடிந்த பிறகு, எழுது என்ற முறையில் எஸ்எச்ஏ-256 பட்டியல் ஒன்றையும் எடுத்து, இந்த முறை வேறு வீட்டில் வைக்கச் சொல்லி பென் டிரைவில் என்னிடம் கொடுத்தார்.